ஆச்சா, ஆகலையா?

தேசாக் ராரசாத்தி இங்கிலீஷ் பேசியே ஒரு மனிதரைக் கொன்றிருக்கிறாள்.

அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. பாலித் தீவின் சானூர் கடற்கரையில் ஒரு ஓட்டலில் வரவேற்பு மேசையில் நிற்கிற வேலை. தங்கியிருந்த ஒரு ஜெர்மன்காரர் விடியற்காலையிலேயே படகில் மீன் பிடிக்கக் கிளம்பினார். கிளம்பும்போது இவளிடம் நின்று சிரித்துப் பேசிவிட்டுப் போனார். வெயில் ஏறியும் படகு திரும்பவில்லை. அவருடைய மனைவி கையைப் பிசைந்துகொண்டு மேசைக்கு வந்தாள். பாவமாக இருந்தது. காலையில் எவ்வளவு நன்றாகப் பேசினார் என்று சொல்லி ஆறுதல்படுத்த நினைத்த தேசாக், "டோன்ட் வொர்ரி மேடம், யுவர் ஹஸ்பண்ட் வாஸ் எ வெரி குட் மேன்" என்றாள்.

அந்த அம்மாள் போட்ட அலறலில் சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்தார். தண்ணீர் தெளித்து, விசிறி, யாரோ டாக்டருக்குப் போன் செய்து, ஒரே அமளி. மத்தியானம் அந்த ஜெர்மன்காரர் மூக்கு சிவந்து, ஒரு குட்டிச் சூரை மீனைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார்.

"உயிரோட இருக்கற மனுஷன 'வாஸ்' போட்டுக் கொன்னுட்டியேம்மா! 'இஸ்'ஸுன்னு சொல்ல வாய் வலிச்சுதா?" என்று மேலாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

"காலையிலதானே சார் பேசினாரு? காலை முடிஞ்சு போச்சே. அதான் 'வாஸ்' போட்டேன்."

"காலைதான் முடிஞ்சுது. ஆளு முடியலையே!"

மறுநாளே அவளைச் சலவைப் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். படுக்கை விரிப்பிடம் 'வாஸ்' போட்டாலும் ஒன்றுதான், 'இஸ்' போட்டாலும் ஒன்றுதான்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வீட்டில் பேசிய பாலி மொழியிலும் சரி, பள்ளியில் படித்த இந்தோனேசிய மொழியிலும் சரி, வினைச்சொல்லுக்குக் காலம் கிடையாது. 'போ' என்றால் போ. நேற்றைக்கும் அதே போ, நாளைக்கும் அதே போ. ரொம்பத் தேவைப்பட்டால் முன்னால் ஒரு 'சுடா' வைத்தால் ஆகிவிட்டது என்று அர்த்தம். 'பெலும்' வைத்தால், இன்னும் ஆகவில்லை, இனிமேல் ஆகும் என்று அர்த்தம். நரைத்துப்போன பிரம்மச்சாரியிடம் கல்யாணம் ஆச்சா என்று கேட்டால்கூட இல்லை என்று சொல்ல மாட்டார், 'பெலும்' என்பார். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அந்த நாட்டில் கோடிக்கணக்கான பேர் பிறந்து, பிழைத்து, சண்டை போட்டு, கோயில் திருவிழா நடத்திக்கொண்டிருக்கிறார்கள். ஒரு குறையும் இல்லை. இங்கிலீஷ்காரன் மட்டும் ஏன் ஒவ்வொரு வார்த்தைக்கும் கடிகாரத்தைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த எரிச்சலிலேயே படித்தாள். ஈர விரிப்புகளை உதறிக் காயப்போட்டபடியே 'கோ, வென்ட், கான்' என்று முணுமுணுத்தாள். கல்லூரியில் சேர்ந்து இங்கிலீஷ் பட்டம் வாங்கினாள். கொஞ்ச காலம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துப் பார்த்தாள், பொறுமை போதவில்லை. கடைசியில் பரீட்சை எழுதி, சத்தியப் பிரமாணம் எடுத்து, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஆனாள். வெளிநாட்டுக்காரர்கள் மாட்டிக்கொள்ளும் வழக்குகளுக்கு அவளைக் கூப்பிடுவார்கள். கறுப்புப் பாவாடையும் வெள்ளை கெபாயாச் சட்டையுமாக அவள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாலே நீதிமன்ற வாசலில் காப்பி விற்கிறவன், "ஆச்சாக்கா வந்தாச்சு" என்பான். அதுதான் அவளுக்கு வழங்கிய பெயர். யார் எதைச் சொன்னாலும், "ஆச்சா, ஆகலையா, ஆகிட்டே இருந்துச்சா?" என்று கேட்காமல் விடமாட்டாள் அல்லவா?

வீட்டிலும் அதே கதைதான். அவள் கணவன் தர்மயாசா டயருக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருந்தான். அவனை அவள் 'பிலி' என்று கூப்பிடுவாள்; பாலியில் மனைவிமார் கணவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"பிலி, மோட்டாருக்கு ஆள் கூப்பிட்டீங்களா?"

"கூப்பிடுறது."

"கூப்பிட்டாச்சா, கூப்பிடப் போறீங்களா?"

"கூப்பிடுறதுன்னா கூப்பிடுறதுதான். நான் என்ன கூண்டுலயா நிக்கறேன்?" என்று டயருக்குள் தலையை விட்டுக்கொள்வான். மோட்டார் ஒரு மாதம் ஓடாது.

மோய்ராவின் வழக்கு வந்தபோது தேசாக்குக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

மோய்ரா ஸ்காட்லாந்திலிருந்து வந்து, நீச்சல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவள். வாடகை மோட்டார் சைக்கிளில் ஒரு நாற்சந்தியைத் தாண்டும்போது, குறுக்கே சைக்கிளில் வந்த பாக் ரின்டா என்கிற பெரியவரை இடித்துவிட்டாள். அவர் பூஜைத் தட்டுக்குக் குருத்தோலை வெட்டிச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்கிறவர். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆறு அடி உயரமும் அகலமான தோளுமாக இருந்த மோய்ரா, நீதிமன்ற பெஞ்சில் குழந்தை மாதிரி முழங்காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வந்த அன்றைக்கே தேசாக்கின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் தாண்டிட்டிருந்தப்போதான் வெளக்கு மாறிச்சு. இத மட்டும் அவங்களுக்குச் சரியாச் சொல்லிடுங்க. ப்ளீஸ்" என்றாள்.

நீதிபதி சிஹோம்பிங் சுமத்ரா பக்கத்துப் பாதாக் இனத்து ஆள். நல்ல மனிதர்தான். ஆனால் தொண்டை பெரிசு, பொறுமை சின்னது. சாட்சி, நாற்சந்தி ஓரத்தில் தள்ளுவண்டியில் பக்ஸோ என்கிற இறைச்சி உருண்டைச் சூப் விற்கிற துக்கிமின். ஜாவாக்காரன். யாரிடமோ இரவல் வாங்கிய பூட்ஸ் கடித்ததால் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான்.

"என்ன பாத்தீங்க, மாஸ்?" என்றார் நீதிபதி. ஜாவாக்காரர்களை 'அண்ணே' என்பதுபோல் 'மாஸ்' என்பார்கள்.

"விளக்கு செகப்பு, ஐயா. மேடம் தாண்டுறது. பெரியவர் விழறது."

அவன் சொன்னதைத் தமிழில் இப்படிச் சொன்னால்தான் கொஞ்சம் கிட்டத்தில் வரும். எந்த நேரத்தோடும் ஒட்டாத மூன்று வாக்கியம். ஹாலில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். தேசாக் மட்டும் வாயைத் திறக்காமல் நின்றாள்.

"இபு தேசாக், சாட்சி சொன்னத அப்படியே அவங்களுக்குச் சொல்லுங்க."

"அப்படியே சொல்ல முடியாது, யாங் முலியா." 'இபு' என்றால் அம்மா, 'யாங் முலியா' என்றால் கனம் நீதிபதி அவர்களே.

"ஏன்? வாய்க்கு என்ன?"

"இங்கிலீஷ்ல அப்படி ஒரு வாக்கியமே கெடையாது. செகப்பு ஆன பின்னாடி தாண்டினாங்களா, தாண்டிட்டிருக்கும்போது செகப்பு ஆச்சா? அது தெரியாம நான் எந்த வினைச்சொல்ல எடுக்கறது? சாட்சிகிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்க அனுமதி குடுங்க."

"கேள்வி கேக்கறது எங்க வேலை. மொழிபெயர்க்கறது உங்க வேலை. ஆகட்டும்."

தேசாக்குக்குச் சுர்ரென்று ஏறியது. சரி, நீங்களே அனுபவியுங்கள் என்று குனிந்து மோய்ராவின் காதில் சொன்னாள்: "தி லைட் இஸ் ரெட். ஷீ க்ராஸஸ். ஹீ ஃபால்ஸ்."

மோய்ரா வெடுக்கென்று திரும்பினாள். "க்ராஸஸா? அப்படின்னா? நான் தெனமும் இதே வேலையாத் தாண்டுறேனா? அவரு தெனமும் விழறாரா? என்னங்க சொல்றாரு அந்த ஆளு?"

"அவரு சொன்னது அவ்வளவுதான்."

"நீங்க மொழிபெயர்ப்பாளர்தானே?"

"ஆமாம். தலையெழுத்து."

பிறகு மோய்ராவை விசாரித்தார்கள். அவள் தன் ஒரே வாக்கியத்தைத் தெளிவாகச் சொன்னாள். கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது விளக்கு மாறியது. இங்கிலீஷில் அது மூச்சு விடுகிற நேரத்தில் சொல்லி முடிக்கிற வாக்கியம். அதை இந்தோனேசிய மொழியில் கொண்டு வருவதற்குள் தேசாக்குக்கு வியர்த்துவிட்டது. முதலில் விளக்கு பச்சையாக இருந்தது, அப்போது கோட்டைத் தாண்டியாகிவிட்டது, தாண்டி முடிக்க இன்னும் மிச்சம் இருந்தது, அந்தச் சமயத்தில், முன்னால் அல்ல, அந்தச் சமயத்தில் விளக்கு மாறியது. அவள் நாட்டில் பைத்தியம்கூட இப்படிப் பேசாது. பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"அந்தம்மா ஒரு வரிதானே சொன்னாங்க? நீங்க என்ன ஒரு ஊர்வலமே விடுறீங்க? சுருக்கமா."

"சுருக்கினா அர்த்தம் போயிடும், யாங் முலியா."

"சுருக்குங்க, இபு! பின்னாடி இன்னும் எத்தனை வழக்கு நிக்குது தெரியுமா?"

அவள் எதையும் சுருக்குவதாக இல்லை. குறிப்பெடுக்கும் எழுத்தர் தானாகவே சுருக்கிக்கொண்டு, எழுதியதைத் திரும்ப வாசித்தார்: "விளக்கு சிவப்பு. குற்றம் சாட்டப்பட்டவர் தாண்டுதல். பெரியவர் விழுதல்."

"இருங்க!" என்றாள் தேசாக். குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. "சாட்சி சொன்னதா என்ன எழுதினீங்க? அதையும் படிங்க."

எழுத்தர் நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி முறைத்தார். எழுத்தர் வாசித்தார். "விளக்கு சிவப்பு. குற்றம் சாட்டப்பட்டவர் தாண்டுதல். பெரியவர் விழுதல்."

"பாருங்க ஐயா. ஒருத்தர் இவங்கமேல குத்தம்னு சொல்றாரு. இவங்க தன்மேல குத்தம் இல்லைன்னு சொல்றாங்க. உங்க எழுத்துல ரெண்டும் ஒண்ணாயிடுச்சு. அப்புறம் எதுக்கு விசாரணை? எல்லாரும் வீட்டுக்குப் போய்ப் பன்னிக்கறிச் சோறு சாப்பிடலாமே!"

சொன்ன பிறகுதான் தேசாக்குக்கு உறைத்தது. ஒரு வார்த்தையில் அவளை வெளியே அனுப்பிவிடலாம்; சத்தியப் பிரமாணத்தையே பிடுங்கிக்கொள்ளலாம். நீதிபதி எழுத்தரிடம் கை நீட்டித் தாளை வாங்கினார். ஒரு வரியைப் படித்தார், அடுத்த வரியைப் படித்தார், மறுபடி முதல் வரிக்குப் போனார்.

"அட, ஆமாம்" என்றார். "மாஸ் துக்கிமின், இங்க வாங்க. அந்தப் பூட்ஸ மொதல்ல கழட்டுங்க, பாக்கவே எனக்கு வலிக்குது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. செகப்பு வந்தது மொதல்லயா, மேடம் வந்தது மொதல்லயா?"

துக்கிமின் வெறுங்காலோடு நிம்மதியாக நின்றான். "அதக் கேக்கறீங்களா? செகப்புதான் ஐயா மொதல்ல. செகப்பு விழுந்தாத்தானே எனக்கு யாவாரம். வண்டியெல்லாம் நிக்கணுமே. அன்னிக்கு ஒரு டிரைவரு கண்ணாடிய எறக்கி ஒரு பை பக்ஸோ கேட்டாரு. உருண்டைய அள்ளிப் போட்டு, சாறு ஊத்தி, மொளகா வச்சு, ரப்பர் பேண்ட் சுத்திக் குடுத்தேன். அவரு வாங்கிக்கிட்டாரு. அப்பத்தான் மேடம் நிக்கற வண்டிங்களுக்கு நடுவுல பூந்து வந்தாங்க. அந்தப் பக்கம் பச்சை பாத்துப் பெரியவர் பாதி வழி வந்துட்டாரு."

"இத ஏன்யா மொதல்லயே சொல்லல?"

"சொன்னேனே ஐயா! விளக்கு செகப்பு, மேடம் தாண்டுறதுன்னு!"

இப்போது தேசாக் மொழிபெயர்க்க வேண்டும். எந்த வினைச்சொல் என்று யோசிக்கவே தேவையில்லை. 'தி லைட் ஹேட் ஆல்ரெடி பீன் ரெட் ஃபார் ஸம் டைம்' என்று வாக்கியம் தானாக வந்து நாக்கில் உட்கார்ந்தது. ஆயுசில் அவ்வளவு சுத்தமான பாஸ்ட் பெர்ஃபெக்டை அவள் சொன்னதில்லை. அதைக் கேட்டு மோய்ராவின் முகம் வெளுப்பதைப் பார்த்தபோது, இதற்கா இவ்வளவு கத்தினோம் என்று இருந்தது.

மோய்ரா மெல்ல, "ஹேண்டில்ல போன் மாட்டியிருந்தேன். எந்தப் பக்கம் திரும்பணும்னு அதப் பாத்துட்டிருந்தேன். தலை நிமிந்தப்போ செகப்பு தெரிஞ்சுது. அப்பத்தான் மாறிச்சுன்னு நெனச்சுட்டேன். நான் பொய் சொல்லல. நெஜமா அப்படித்தான் நெனச்சேன்" என்றாள்.

தேசாக் இந்த முறை ஒரு வார்த்தைகூடச் சுருக்கவில்லை. நீதிபதியும் சுருக்கச் சொல்லவில்லை.

வராந்தாவில் மோய்ராவின் வக்கீல் தேசாக்கை மறித்துக்கொண்டார். "நல்லாப் பண்ணீங்க, இபு! ரெண்டும் ஒண்ணா இருந்திருந்தா சாட்சியம் தெளிவில்லைன்னு அடிச்சுப் பேசியிருப்பேன். நீங்க யாரு பக்கம்னு கேக்கறேன்."

"நான் ஒரு பக்கமும் இல்ல. கேட்டதச் சொல்றதுக்கு நிக்கறவ. இத்தனை வருஷமா அதுக்கே என்னைய விட மாட்டேங்கறீங்க எல்லாரும்" என்று சொல்லிவிட்டு விடுவிடென்று நடந்தாள். ஸ்கூட்டர் சாவி கையில் இருக்கும்போதே பையெல்லாம் தேடினாள்.

மோய்ரா ஒளிக்காமல் ஒத்துக்கொண்டதை நீதிபதி கணக்கில் எடுத்துக்கொண்டார். சிறை இல்லை, மறுபடி தப்பு செய்தால்தான் உள்ளே. பெரியவரின் வைத்தியம் முழுக்க அவள் பொறுப்பு. தீர்ப்பைக் கேட்டுவிட்டு மோய்ரா நேராகத் தேசாக்கிடம் வந்தாள். திட்டப் போகிறாள் என்று தேசாக் தோளை விறைத்துக்கொண்டாள்.

"அந்தப் பெரியவரை நேர்ல பாத்து மன்னிப்புக் கேக்கணும். வக்கீல் வேண்டாங்கறாரு. நீங்க கூட வருவீங்களா?"

பாக் ரின்டா வீட்டு மண்டபத்தில் பாயில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு, குருத்தோலை கிழித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி காப்பியும் வாழையிலையில் வேகவைத்த இனிப்பும் கொண்டுவந்து வைத்தாள். மோய்ரா தரையில் உட்கார்ந்து, பாடம் பண்ணி வந்த நாலு வார்த்தையைத் திக்கித் திக்கிச் சொன்னாள். பெரியவரின் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பரவால்ல, பரவால்ல. மன்னிக்கிறது" என்றார் பாக் ரின்டா, ஓலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மோய்ரா தேசாக்கைப் பார்த்தாள். "என்ன சொல்றாரு? மன்னிச்சுட்டாரா?"

அங்கே 'யெஸ்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கலாம். எல்லோரும் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனால் பழகிப்போன நாக்கு. தேசாக் பெரியவர் பக்கம் திரும்பி, "மன்னிச்சாச்சா, ஐயா? இல்ல, இனிமேதானா?" என்று கேட்டுவிட்டாள்.

பாக் ரின்டாவின் கை நின்றது. இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை போல. ஓலையைக் கீழே வைத்தார். தன் காலைப் பார்த்தார். அப்புறம் மோய்ராவை, முதல் தடவையாக, நிதானமாகப் பார்த்தார்.

"பெலும்" என்றார்.

"ஐயோ, என்னங்க!" என்றாள் மனைவி.

"கேக்கறாங்கல்ல? கேட்டா நெஜத்தத்தானே சொல்லணும். ராத்திரி புரண்டு படுக்க முடியல. கக்கூஸுக்கு இவ தோளப் பிடிச்சுக்கிட்டுப் போறேன். கோயில் விசேஷத்துக்கு எல்லாரும் போறாங்க, நான் கூரையப் பாத்துக்கிட்டுக் கெடக்கறேன். பெலும்."

தேசாக்குக்குத் தன் வாயில் தானே ஒன்று வைக்கலாம் போலிருந்தது. "நாட் யெட்" என்று முணுமுணுத்தாள். மோய்ரா தலையாட்டினாள். இலையைப் பிரித்து இனிப்பைச் சாப்பிட்டாள். எழுந்திருக்கும்போது, "அடுத்த வாரமும் வரலாமான்னு கேளுங்க" என்றாள்.

வீட்டில் கதையைக் கேட்ட தர்மயாசா பஞ்சர் பசை டப்பாவை மூடிவிட்டு நிமிர்ந்தான்.

"மன்னிப்புக் கேக்கப் போன எடத்துலயுமா? அந்த மனுஷன் மரியாதையாப் பூசி மெழுகிட்டாரு. நீ எதுக்குடி போய்ச் சுரண்டின?"

"எனக்கென்ன தெரியும்? 'ஹேஸ்'ஸா, 'வில்'லா? எதையாவது ஒண்ணு வச்சுத்தானே ஆகணும்!"

"ஒண்ணும் வைக்காம இருக்கலாம்ல?"

"இங்கிலீஷ்ல இருக்க முடியாது, பிலி! அதத்தானே இத்தனை வருஷமாத் தொண்டை கிழியச் சொல்றேன்!"

மோய்ரா வாரா வாரம் போனாள். தேசாக் முதலில் இரண்டு தடவை கூடப் போய்விட்டு, அப்புறம் வேலை இருக்கிறது என்று நின்றுகொண்டாள். மோய்ரா தனியாகப் போனாள். பெரியவருக்குக் காலை எப்படி மடக்க வேண்டும், எப்படி நீட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறாளாம். ஓலை கிழிக்கக் கற்றுக்கொண்டாளாம், ஆனால் எல்லாம் கோணலாம். விசா முடிந்து அவள் ஊருக்குத் திரும்பியபோது பெரியவர் ஊன்றுகோலோடு தெருமுனை வரை நடந்துகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு, கலுங்கான் பண்டிகைக்கு மூங்கில் தோரணங்கள் தெருவெல்லாம் வளைந்து நின்ற ஒரு காலையில், தேசாக்குக்குப் போன் வந்தது.

"இபு, நான் ரின்டா. கோயிலுக்கு நடந்தே வந்துட்டேன். இங்கயிருந்துதான் பேசறேன். அந்த மேடத்துக்குச் சொல்லிடுங்க. சுடா."

"சுடாவா? நடந்தாச்சுன்னு சொல்றதா, இல்ல..."

"அதான் இபு! அவங்க கேட்டாங்களே! சுடா!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். பின்னால் காமெலான் மேளச் சத்தம்.

தேசாக் கடை வாசலில் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து போனை எடுத்தாள். 'ஹீ ஃபர்கேவ் யூ' என்று அடித்தாள். கோயிலில், இன்றைக்கு, மன்னித்தார். முடிந்தது. ஆனால் அப்படி எழுதினால் அது அன்றோடு முடிந்துபோன காரியம் மாதிரி இருந்தது. நாளைக்கு என்ன ஆகும்? அழித்தாள். 'ஹீ ஃபர்கிவ்ஸ் யூ' என்று அடித்தாள். தினமும் காலையில் எழுந்து மன்னிக்கிறாரா? அழித்தாள். பஞ்சர் ஒட்ட வந்த ஆள் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, ஏதாவது சாவுச் செய்தியா என்று தர்மயாசாவிடம் கேட்டான்.

"இல்லய்யா. வினைச்சொல் தேடறா. நீ சக்கரத்தக் கழட்டு."

கடைசியில் 'ஹீ ஹேஸ் ஃபர்கிவன் யூ' என்று எழுதினாள். முன்பே தொடங்கி, இப்போதும் இருக்கிறது. அதற்கு அந்த மொழியில் அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. மறுபடி ஒரு தடவை படித்துப் பார்த்து, அனுப்பினாள். முப்பது வருடமாகப் பாடுபட்டதற்கு ஒரு வாக்கியமாவது முழுத் திருப்தியாக அமைந்ததே என்று இருந்தது.

ஸ்காட்லாந்தில் அப்போது மோய்ரா விழித்துக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். உடனே பதில் வந்தது: 'ஓ! ஸோ ஹேப்பி! தேங்க்ஸ்!'

தேசாக் அதை மேலும் கீழும் பார்த்தாள். போனைத் திருப்பியும் பார்த்தாள்.

"பிலி, இங்க பாருங்களேன். பொறந்ததுலயிருந்து இங்கிலீஷ் பேசறவ. ஒரு வினைச்சொல்லாவது இருக்கான்னு பாருங்க!"

தர்மயாசா சிரித்த சிரிப்பில் ஸ்பானர் கீழே விழுந்தது. அவள் போனை மடியில் போட்டுக்கொண்டு, பூஜைத் தட்டு எல்லாம் வண்டியில் ஏற்றியாச்சா, ஏற்றவில்லையா என்று அவனைக் கேட்டாள்.